உலோகத் திருட்டைத் தராசடியில் தடுப்பது: பழைய உலோக வணிகத்துக்கு விதி வகுக்கப் புதிதாக வருவோருக்கு

மின்கம்பி, ரயில் சிக்னல் கேபிள், பாதாளச் சாக்கடை மூடி, பாலத்துக் கைப்பிடிக் கம்பி, கல்லறையில் பதித்த வெண்கலப் பலகை, காரின் அடியில் இருந்து புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி. இவற்றைத் திருடுகிறவன் எதையும் வீட்டில் வைத்துக்கொள்ளத் திருடுவதில்லை. விற்றால்தான் காசு; விற்பதும் எடைக்குத்தான். ஆகவே திருட்டு உலோகம் எதுவானாலும் கடைசியில் ஒரு தராசின் முன்னால் வந்தே தீர வேண்டும். ஆயிரம் கிலோமீட்டர் கம்பிக்கு இரவெல்லாம் காவல் போட எந்தத் துறையாலும் முடியாது. பகலில் திறந்திருக்கும் கடைகளின் தராசுகளைக் கவனிக்க முடியும். பழைய உலோகம் வாங்குவோரை முறைப்படுத்தும் விதிகள் எல்லாம் இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கின்றன.

உள்ளாட்சி மன்றத்துக்குப் புதிதாகத் தேர்வானவர், உரிமப் பிரிவில் புதிதாகப் பொறுப்பேற்ற அலுவலர், சங்கத்தின் சார்பில் வரைவு விதிகளைப் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டிய வியாபாரி ஆகிய மூவரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் திருட்டு உலோகம் பணமாகும் வழி எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

இந்தத் திருட்டைச் சில்லறைத் திருட்டு என்று ஒதுக்குகிறவர்கள் திருடனுக்குக் கிடைத்த தொகையை மட்டும் பார்க்கிறார்கள். 2005-இல் இங்கிலாந்தில் சிற்பி ஹென்றி மூரின் வெண்கலச் சிற்பம் ஒன்று களவுபோனது. இரண்டு டன்னுக்கு மேல் எடை. மதிப்பு சுமார் 30 லட்சம் பவுண்டு. அது வெட்டி உருக்கப்பட்டிருக்கும் என்பதும், திருடியவர்களுக்குச் சுமார் 1,500 பவுண்டுதான் கிடைத்திருக்கும் என்பதும் காவல்துறையின் கணிப்பு. கேபிள் திருட்டிலும் இதே விகிதம்தான். சில மீட்டர் செம்பை வெட்டியவனுக்குக் கிடைப்பது கைச்செலவுக்கான காசு. அந்த வெட்டால் ரயில்கள் நிற்கின்றன, மருத்துவமனையில் மின்சாரம் போகிறது, மூடி இல்லாத குழியில் குழந்தை விழுகிறது. விதி எழுதுகிறவர் இந்த இரண்டாவது கணக்கை எப்போதும் கண்முன் வைத்திருக்க வேண்டும்.

முதல் வேலை: எது களவுபோகிறது என்று எழுதுங்கள்

வரைவில் கை வைப்பதற்கு முன் மின்வாரியம், ரயில்வே, தொலைபேசி நிறுவனங்கள், குடிநீர் வாரியம், கட்டுமான ஒப்பந்ததாரர்கள், வாகனக் காப்பீட்டு நிறுவனங்கள் ஆகியோரிடம் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் களவுபோனவற்றின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பொருள், அளவு, இடம், நேரம் நான்கும் இருந்தால் போதும். பொருட்களை உலோகவாரியாகப் பிரியுங்கள். செம்பு பெரும்பாலும் முதலிடத்தில் இருக்கும். பிறகு பித்தளை, வெண்கலம், கூரைகளிலும் பேட்டரிகளிலும் இருக்கும் ஈயம், அலுமினியம், வார்ப்பிரும்பு மூடிகள். வினையூக்கி மாற்றி தனி வகை. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மூன்றும் அதற்குள் சிறிதளவு இருப்பதால், சில நிமிடங்களில் அறுத்து எடுத்துவிடக்கூடிய ஒரு பாகத்துக்கு இவ்வளவு விலை.

அதே தாளில் உலகச் சந்தையில் அந்த உலோகங்களின் மாதாந்திர விலையையும் குறித்துக்கொள்ளுங்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் பிரிட்டனின் ரயில்பாதைகளில் நடந்த கேபிள் திருட்டைச் செம்பின் விலையோடு ஒப்பிட்டு 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். விலை ஏறியபோது திருட்டும் ஏறியது, இறங்கியபோது திருட்டும் இறங்கியது. இந்த விலை வரிசை உங்கள் கையில் இல்லாவிட்டால், விதி வந்த பிறகு திருட்டு குறைந்தாலும் அது விதியால் குறைந்ததா விலையால் குறைந்ததா என்று ஒருநாளும் சொல்ல முடியாது.

யார் வியாபாரி? வரையறையில் ஓட்டை விடாதீர்கள்

தெருத் தெருவாக வண்டியில் சேகரிப்பவர், சிறிய காயலான் கடை, நகரத்துக்கு வெளியே உள்ள பெரிய கிடங்கு, வகை பிரித்துக் கட்டி அனுப்பும் மொத்த வியாபாரி, உருக்காலை அல்லது ஏற்றுமதியாளர். உலோகம் இந்தப் படிகளில்தான் ஏறிப் போகிறது. இவர்களோடு பழைய வாகனங்களைப் பிரித்து விற்பவர்களையும், இணையத்தில் விளம்பரம் கொடுத்து வாங்குபவர்களையும் சேருங்கள். மறுவிற்பனைக்காகவோ உருக்குவதற்காகவோ பழைய உலோகத்தை விலைக்கு வாங்கும் எவரும் வியாபாரி என்று எழுதிவிட்டு, விலக்குகளைத் தனியாக, குறுகலாக, பெயர் சொல்லி எழுதுவது பாதுகாப்பானது.

இங்கிலாந்து, வேல்ஸ் அனுபவம் இதில் நல்ல பாடம். அங்கே 2012 டிசம்பரில் பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுப்பதைத் தடைசெய்தார்கள். ஆனால் ஊர் சுற்றிச் சேகரிக்கும் வியாபாரிகளுக்கு விலக்கு இருந்தது. தடையைத் தாண்ட நினைப்பவருக்கு அதைவிட வசதியான வாசல் வேறு இல்லை. 2013-இல் வந்த பழைய உலோக வணிகர் சட்டம் அந்த வாசலை அடைத்தது.

உரிமம்: மறுக்கவும் பறிக்கவும் அதிகாரம் இருக்கட்டும்

பதிவு வேறு, உரிமம் வேறு. பிரிட்டனின் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வியாபாரி தன்னைப் பதிவுசெய்துகொண்டால் போதும். திருட்டுப் பொருள் வாங்கித் தண்டனை பெற்றவரையும் பதிவேட்டில் சேர்க்காமல் இருக்க உள்ளாட்சிக்கு வழி இல்லை. 2013 சட்டம் அதை மாற்றி, தகுதியைப் பார்த்து உரிமம் கொடுக்கவும், மறுக்கவும், ரத்துசெய்யவும் அதிகாரம் தந்தது. கடைக்கு ஒரு வகை, சுற்றிச் சேகரிப்பவருக்கு ஒரு வகை என இரண்டு உரிமங்கள். காலம் மூன்று ஆண்டு. உரிமத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலைப் பொதுமக்கள் பார்க்கலாம். நான்கும் எளிய ஏற்பாடுகள், நான்கையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இவற்றோடு ஒரு வரி சேருங்கள்: உரிமம் இல்லாத வியாபாரியிடமிருந்து மேல்படியில் உள்ள எந்த வியாபாரியும் சரக்கு வாங்கக் கூடாது. இந்த வரி இருந்தால் உங்கள் நான்கு ஆய்வாளர்களோடு கிடங்குக்காரர்களும் கீழ்ப்படியைக் கவனிப்பார்கள். உருக்காலைகள் எண்ணிக்கையில் குறைவு, கணக்கு ஒழுங்காக வைப்பவை. அங்கிருந்து கீழ்நோக்கி இறுக்குவது தெருவிலிருந்து மேல்நோக்கி இறுக்குவதைவிடப் பல மடங்கு எளிது.

கட்டணம் கொஞ்சமாக இருக்கட்டும். ஆய்வுச் செலவுக்குப் போதுமான அளவு வாங்கலாம். கருவூலத்துக்கு வருமானம் தேடும் இடம் இதுவல்ல. கட்டணம் எட்டாத உயரத்தில் இருந்தால் சிறு வியாபாரி உரிமமே வாங்காமல் மறைவில் தொழில் செய்வார், உங்கள் கண்ணுக்குத் தெரிந்த கடை தெரியாத கடையாகிவிடும்.

விற்பவர் யார்

விற்பவரின் முழுப்பெயர், முகவரி, படத்துடன் கூடிய அடையாள அட்டை, சரக்கைக் கொண்டுவந்த வண்டியின் எண். இவற்றைப் பார்க்காமல் தராசில் எதுவும் ஏறக் கூடாது. பெரிய கிடங்குகளில் விற்பவரும் சரக்கும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம் எடுக்கச் சொல்லலாம். இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதியில் 2012-இன் தொடக்கத்தில், புதிய சட்டம் வருவதற்கு முன்பே, காவல்துறையும் வியாபாரிகளும் சேர்ந்து ‘ஆபரேஷன் டொர்னேடோ’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அதன் சாரமே அடையாளம் கேட்பதுதான். பின்னர் அது நாட்டின் மற்றப் பகுதிகளுக்கும் போனது. திருடனுக்கு வேண்டியது முகம் தெரியாத விற்பனை. பெயரைக் கேட்டதும் அவனுக்கு அந்தக் கடை பயனற்றதாகிவிடுகிறது.

வேலைத்தளத்தில் மிஞ்சிய கம்பியைக் கொண்டுவரும் எலெக்ட்ரீஷியன், குழாய் மாற்றிய பிளம்பர் போன்றவர்களுக்கு ஒப்பந்ததாரரின் கடிதம் ஒன்று வேண்டும் என்று சேருங்கள். ஒரு கடிதம் ஒரு வேலைக்கு மட்டும் செல்ல வேண்டும். தேதியில்லாத கடிதத்தை ஆண்டு முழுதும் காட்டிக்கொண்டிருக்கலாம். சிறுவர்களிடமிருந்து வாங்குவதை முற்றிலும் தடைசெய்யுங்கள், ஏனென்றால் பிடிபட்டால் தண்டனை குறைவு என்று குழந்தைகளைக் கையில் சரக்கோடு அனுப்புகிறவர்கள் உண்டு.

அடையாள அட்டைகளின் நகல்களைக் கடைக்காரர் பூட்டி வைக்க வேண்டும், குறித்த காலம் முடிந்ததும் அழிக்க வேண்டும், வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. இதையும் விதியிலேயே எழுதுங்கள். நேர்மையாக விற்க வருபவரின் தகவலும் பாதுகாக்கப்பட வேண்டியதே.

பதிவேடு: எல்லாம் இங்கேதான்

புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: ‘வாங்கும் சரக்கைப் பதிவுசெய்ய வேண்டும்.’ அந்த வரியை வைத்துக்கொண்டு எழுதப்படும் பதிவு எப்படி இருக்கும்? ‘காப்பர், 38 கிலோ.’ முந்தைய இரவு நாற்பது மீட்டர் கேபிளைப் பறிகொடுத்த ரயில்வே அதிகாரி இந்தப் பதிவைப் படித்தால் அவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

அதே சரக்கை இப்படியும் எழுதலாம்: ‘செம்புக் கம்பி, பல இழை முறுக்கியது, உறை உரித்தது, ஏறத்தாழ ஒன்றரை அடித் துண்டுகள், முனைகள் கோடரியால் வெட்டியதுபோல் நசுங்கியுள்ளன, சிலவற்றில் கறுப்பு ரப்பர் உறை ஒட்டியிருக்கிறது, இரண்டு சாக்கு, 38 கிலோ 400 கிராம், காலை 7.40.’ இது ஒரு சாட்சியம். களவுபோன கேபிளின் இழை எண்ணிக்கையும் உறையின் நிறமும் உரிமையாளருக்குத் தெரியும். இரண்டையும் ஒப்பிட ஒரு நிமிடம் போதும். இப்படி எழுத வேண்டும் என்று தெரிந்த கடைக்காரர், எழுதுவதற்காகச் சரக்கைக் கையில் எடுத்துப் பார்ப்பார். பார்த்தால் சந்தேகம் வரும். பதிவேட்டின் முதல் பயன் அதுதான், காவல்துறைக்குக் கிடைக்கும் தடயம் இரண்டாவது பயன்.

ஆகவே விதியோடு ஒரு மாதிரிப் பக்கத்தை இணைப்பாகக் கொடுங்கள். வடிவம், நிறம், வெட்டு, குறியீடு, எண், எரிந்த தடம் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டங்கள் இருக்கட்டும். செம்பு, பித்தளை, வெண்கலம், ஈயம், வினையூக்கி மாற்றி ஆகியவற்றுக்கு மட்டும் இந்த விரிவான பக்கம் போதும். துருப்பிடித்த இரும்புக்கும், பானம் அடைத்து விற்கும் அலுமினியக் குவளைகளுக்கும் இதைக் கேட்டால் கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரே மாதிரி கிறுக்கி வைப்பார், உங்களுக்கு வேண்டியதும் அதில் மறைந்துபோகும்.

உள்ளே வந்ததை எழுதுவதுபோல வெளியே போனதையும் எழுத வேண்டும்: யாருக்கு, என்று, எவ்வளவு, எந்த வண்டியில். வெளிப்பதிவு இல்லாத விதி பாதி விதி. இங்கிலாந்துச் சட்டம் இரண்டு பதிவுகளையும் மூன்று ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. கணினியில் வைப்பதானால், பதிவை மாற்றினால் பழையதும் தெரியும்படியான முறையைக் கேளுங்கள். தாளில் வைப்பதானால் பக்க எண் அச்சிட்ட, தைத்த நோட்டு.

ரொக்கத்துக்கு முற்றுப்புள்ளி

ஒரே ஒரு விதிக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் நான் இதைத் தேர்ந்தெடுப்பேன். ரொக்கம் உடனே கிடைக்கும், தடம் விடாது. திருடனுக்கு இந்த இரண்டும் வேண்டும். வங்கி வழியாகப் பணம் போனால் கடைக்காரர் பொய்ப்பெயர் எழுதினாலும் கணக்கு எண் உண்மையைச் சொல்லிவிடும். பிரான்சில் பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுப்பது 2011-இலிருந்து தடை. இங்கிலாந்தும் வேல்ஸும் 2012-இல், ஸ்காட்லாந்தும் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலமும் 2016-இல் எடுத்த முடிவுகள் அதே வழியில் போகின்றன.

சுற்றுவழிகளை முன்கூட்டியே அடையுங்கள். பதிவேட்டில் பெயர் உள்ளவரின் கணக்குக்கு மட்டுமே பணம் போகலாம். மைத்துனர் கணக்கு, நண்பர் கணக்கு செல்லாது. காசோலை கொடுத்துவிட்டு அதே வளாகத்தில் வேறொரு மேசையில் அதைக் காசாக்கித் தருவதும் ரொக்கமே என்று எழுதுங்கள். பணத்துக்குப் பதில் பொருளாகக் கொடுப்பதையும் சேருங்கள்.

எல்லா உலோகத்துக்கும் தடையா, விலையுயர்ந்தவற்றுக்கு மட்டுமா என்ற கேள்வி வரும். செம்புக்கும், பானக் குவளைகள் தவிர மற்ற இரும்பல்லாத உலோகங்களுக்கும் ஒரு கிராம்கூட விலக்கு வேண்டாம் என்பது என் கருத்து. ‘ஐந்து கிலோ வரை ரொக்கம்’ என்று எழுதினால் ஐம்பது கிலோ பத்துப் பேரிடம் பிரிந்து வந்து சேரும். சாதாரண இரும்புக்கும் குவளைகளுக்கும் சிறு தொகை விலக்கு கொடுக்கலாம். அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

கொஞ்ச நாள் அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள்

களவுபோனது தெரிவதற்கே சில நாள் ஆகும். அதற்குள் கம்பி நறுக்கப்பட்டு, வேறு கம்பிகளோடு கலந்து, கட்டுக்கட்டாக லாரியில் ஏறிவிட்டால் அடையாளம் காண எதுவும் மிஞ்சாது. செம்பு 1,085 டிகிரி செல்சியசில் உருகுகிறது. உருகிய பிறகு அது யாருடைய கம்பி என்பதற்கு எந்தச் சோதனையும் இல்லை. அதனால் ஆபத்தான வகைகளை மட்டும் மூன்று முதல் ஏழு நாள், வாங்கிய நிலையிலேயே, சீட்டுக் கட்டித் தனியாக வைத்திருக்க விதிக்கலாம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இத்தகைய ஏற்பாடுகள் உண்டு.

வியாபாரிகள் இதை எதிர்ப்பார்கள், எதிர்ப்பில் நியாயமும் உண்டு. இடம் அடைபடும், முதல் முடங்கும், அதற்குள் விலை விழுந்தால் நஷ்டம் அவர்களுக்கு. எனவே தொழிற்சாலைகளிலிருந்து ஒப்பந்தப்படி நேரடியாக வரும் கழிவுக்கு இந்தக் காத்திருப்பு வேண்டாம்.

தொடவே கூடாத பொருட்கள்

தனிமனிதர் யாரும் நியாயமாக விற்க வழியில்லாத சில பொருட்கள் உண்டு. சாக்கடை மூடி, சாலைத் தடுப்புக் கம்பி, போக்குவரத்துப் பலகை, தண்டவாளத் துண்டு, சிக்னல் கேபிள், டிரான்ஸ்பார்மர் சுருள், தண்ணீர் மீட்டர், தீயணைப்புக் குழாயின் பித்தளை முனை, நினைவுப் பலகை, சிலையின் துண்டு. உரிய நிறுவனத்தின் எழுத்துபூர்வமான கடிதம் இல்லாமல் இவற்றை வாங்குவதே குற்றம் என்று பட்டியலிடுங்கள். பட்டியலைப் படங்களோடு அச்சடித்துத் தராசுக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள். எடை போடுபவர் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருக்கலாம்; படம் அவருக்கும் புரியும்.

எரித்த கம்பியைப் பற்றித் தனியாக ஒரு விதி தேவை. உறையை உரிக்கக் கருவியோ நேரமோ இல்லாதவர்கள் கேபிளைக் கொளுத்துகிறார்கள். கம்பி கறுத்து, கைபட்டால் கரி ஒட்டும், பிளாஸ்டிக் கருகிய நாற்றம் நாள்கணக்கில் போகாது. நல்ல வியாபாரிக்கு அது மதிப்புக் குறைந்த சரக்கு, கேபிளின் சொந்தக்காரருக்கு அழிந்துபோன ஆதாரம். பிவிசி உறை எரியும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடும் டயாக்சின்களும் இருப்பதால் எரிப்பவருக்கும் அக்கம்பக்கத்துக்கும் கேடு. எரித்த கம்பியை வாங்கவே கூடாது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிவிடலாம்.

தகவல் வேகமாகப் போக வேண்டும்

இரவு இரண்டு மணிக்குக் கேபிள் வெட்டப்பட்டால், கடை திறக்கும் நேரத்துக்குள் அதன் படமும் விவரமும் எல்லாக் கடைகளுக்கும் போய்ச் சேர வேண்டும். அமெரிக்காவில் மறுசுழற்சித் தொழிலின் சங்கமே ‘ஸ்கிராப் தெஃப்ட் அலர்ட்’ என்ற எச்சரிக்கை அமைப்பை உருவாக்கியது. களவைப் புகார் செய்தால் சுற்றுவட்டார வியாபாரிகளுக்குச் செய்தி போகும். சிறிய ஊரில் ஒரு தொலைபேசிக் குழுவே இதைச் செய்துவிடும். சந்தேகத்தைச் சொல்லும் கடைக்காரரை அன்று முழுதும் நிலையத்தில் உட்காரவைத்தால் அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார். தகவல் தந்தவரை எப்படி நடத்த வேண்டும் என்று காவல்துறையோடு எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள்.

உடைமையாளர்களுக்கும் கடமை உண்டு. தன் கேபிளைத் தன்னுடையது என்று நிரூபிக்க முடியாத நிறுவனத்தின் வழக்கு நீதிமன்றத்தில் நிற்காது. உறையில் அச்சிட்ட பெயர் உரித்ததும் போய்விடும். இழைகளுக்கு நடுவே நிறமிட்ட ஒரு நூல், புறஊதா ஒளியில் மட்டும் தெரியும் தடயத் திரவம், எண் பொறித்த நுண்புள்ளிகள் என வழிகள் இருக்கின்றன. கடைகள் மீது விதி கேட்கும் நிறுவனத்திடம், நீங்கள் எப்படிக் குறியிடுகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

ஆய்வு: கடைக்குள் போனதும் என்ன பார்ப்பது

ஆய்வு இல்லாத விதி நேர்மையான வியாபாரியைத்தான் தண்டிக்கிறது. அவர் அடையாளம் கேட்டு, வங்கியில் பணம் போட்டு, பதிவு எழுதி நேரத்தைச் செலவிடுகிறார். அடுத்த தெருவில் எதையும் கேட்காதவர் கூடுதல் விலை கொடுத்து வாடிக்கையைப் பறிக்கிறார். ஆகவே ஆய்வாளர் எண்ணிக்கையும் ஆண்டுக்குக் குறைந்தபட்சம் எத்தனை ஆய்வு என்பதும் முடிவாகாமல் விதியை அறிவிக்காதீர்கள்.

புதிய ஆய்வாளர் நேராகப் பதிவேட்டைத்தான் கேட்பார். அதற்கு முன் குவியலுக்குப் போங்கள். ஏதாவது ஒரு பொருளை, எண் பொறித்த ஒரு பித்தளை வால்வை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு பதிவேட்டில் நேற்றைய ஒரு வரியில் விரல் வைத்து, அந்தச் சரக்கைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு திசையிலும் பொருந்தினால் பதிவு உண்மையான பதிவு. ஒரு திசையில் மட்டும் பொருந்தினால் எழுதாமல் வாங்கியதோ எழுதிவிட்டு ஒளித்ததோ இருக்கிறது.

அடுத்தது எடைக்கணக்கு. மாதத் தொடக்க இருப்பு, உள்ளே வந்த செம்பு, வெளியே போன செம்பு, இப்போது உள்ள இருப்பு. வெளியே போனதும் இருப்பில் உள்ளதும் சேர்ந்து, தொடக்க இருப்பையும் வரவையும்விடக் கூடுதலாக இருந்தால், அந்தக் கூடுதல் செம்பு பதிவில் ஏறாத ஏதோ ஒரு கையிலிருந்து வந்திருக்கிறது. உறை உரிப்பதில் எடை குறையும் என்பதைக் கணக்கில் கொள்ளலாம், எடை கூடுவதற்கு நியாயமான காரணம் கிடையாது. கடைக்காரரின் வெளிப்பதிவை மட்டும் நம்பாமல், மேல்படி வியாபாரியின் வரவுப் பதிவோடு ஒப்பிடுங்கள். அங்கே இவருக்குச் செல்வாக்கு இல்லை.

பதிவேட்டின் பக்கங்களும் பேசும். ஒரே மையில், ஒரே வேகத்தில் பத்து நாள் எழுத்து. எல்லா எடையும் 10, 20, 50 என்று முழு எண்களில். வாரத்தில் ஐந்து நாள் ஒரே பெயர். படிக்க முடியாத அடையாள நகல்கள். வங்கிப் பட்டியலில் இல்லாத கொடுப்பனவுகள். கேமரா வைத்திருந்தால், பதிவில் எழுதிய நேரத்தில் தராசில் யார் நின்றார் என்று ஒன்றிரண்டை ஓட்டிப் பாருங்கள். காலை முதல் வண்டி வரும் நேரத்திலும், கடை மூடும் நேரத்துக்குப் பிறகும் ஒருமுறையாவது போங்கள்.

தண்டனை

எழுதத் தவறிய ஒரு கட்டத்துக்கும், தெரிந்தே திருட்டுக் கேபிள் வாங்கியதற்கும் ஒரே தண்டனை வைத்தால் இரண்டாவதற்குத் தண்டனை இல்லாமல் போகும். பதிவுக் குறைகளுக்கு எச்சரிக்கை, பிறகு அபராதம். ரொக்கம் கொடுத்தால் கனமான அபராதம். உரிமமில்லாமல் நடத்தினால் கடையை மூடும் உத்தரவு. தடைப் பொருளை வாங்கினால் உரிமம் ரத்தும் வழக்கும். பெரிய கிடங்குகளுக்கு அபராதத்தைவிடச் சில நாள் மூடல்தான் உறைக்கும்.

‘தெரியாமல் வாங்கினேன்’ என்ற பதிலை எப்படிக் கையாள்வது? இந்தியாவின் 1966-ஆம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டம் ஒரு வழியைக் காட்டுகிறது. களவுபோனதாக நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க ரயில்வே பொருள் ஒருவர் வசம் இருந்தால், அது நேர்வழியில் வந்ததென்று காட்ட வேண்டியவர் அவரே. இந்தச் சுமை கடுமையானது. எல்லாப் பழைய உலோகத்துக்கும் இதை விரித்துவிடக் கூடாது. தடைப்பட்டியலில் படத்தோடு உள்ள பொருட்களுக்கு மட்டும் வைத்தால், முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டவர் மீதுதான் அது விழும்.

குப்பையில் பொறுக்கி வாழ்கிறவர்கள்

கையில் சாக்கோடு அலைந்து, குவளையும் ஆணியும் தகரமும் சேர்த்து விற்று அன்றாடம் சாப்பிடுகிறவர்களை இந்த விதிகள் நசுக்கிவிடக் கூடாது. அவர்கள் செய்யும் வேலை சாதாரணமானதல்ல: தாதுவிலிருந்து அலுமினியம் எடுப்பதைவிடப் பழைய அலுமினியத்தை உருக்கச் சுமார் 95 சதவீத ஆற்றல் குறைவு. அந்த மிச்சத்தின் முதல் கண்ணி இந்தச் சாக்குதான். இவர்களில் பலருக்கு நிலையான முகவரி இல்லை, வங்கிக் கணக்கு இல்லை. அடையாளமும் வங்கியும் கட்டாயம் என்ற விதி ஒரே இரவில் வந்தால் திருடனுக்கு முன் இவர்கள்தான் பட்டினி கிடப்பார்கள்.

செய்ய வேண்டியவை நான்கு. விதி நடைமுறைக்கு வரும் முன் இலவச அடையாள அட்டை. முகவரிக்குப் பதில் சேகரிப்போர் சங்கத்தின் அல்லது தங்குமிடத்தின் சான்று போதும் என்ற ஏற்பாடு. கைபேசி வழியாகப் பணம் பெறும் கணக்கைத் தொடங்க முகாம். இரும்புக்கும் குவளைக்கும் நாளொன்றுக்கு ஒரு சிறு தொகை வரை ரொக்க விலக்கு. மேலே சொன்ன விலக்கு இவர்களுக்காகத்தான். கடைசியாக, சாக்கு சுமப்பவரை வழியில் மறித்துச் சோதிக்கும் அதிகாரம் இந்த விதியிலிருந்து யாருக்கும் கிடைக்கக் கூடாது. ஆய்வு கடையில் நடக்கட்டும். வரைவைப் படிக்கும் கூட்டத்துக்கு இவர்களின் பிரதிநிதிகளை அழையுங்கள். எந்தக் கடை அடையாளம் கேட்காமல் வாங்குகிறது என்பது இவர்களுக்குத் தெரியும்.

முழுத் தடை வேண்டாம்

திருட்டு உச்சத்துக்குப் போகும்போது வணிகத்தையே நிறுத்திவிடலாம் என்ற குரல் எழும். கென்யாவில் 2022 ஜனவரியில், மின்கோபுரங்கள் சாய்ந்து நாடு இருளில் மூழ்கியதைத் தொடர்ந்து பழைய உலோக வணிகம் முழுவதும் நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டு மே மாதம் புதிய கட்டுப்பாடுகளோடு திரும்பத் திறந்தார்கள். தென்னாப்பிரிக்கா 2022 நவம்பர் இறுதியில் இரும்பு, செம்புக் கழிவின் ஏற்றுமதியைத் தடைசெய்து, அதைப் பின்னர் நீட்டித்தது. நெருக்கடியில் அவகாசம் வாங்க ஒரு குறுகிய நிறுத்தம் உதவலாம். ஆனால் தடை நீடித்தால் ஒழுங்கான கடைகள் மூடும், உலோகம் எல்லை தாண்டிப் போகும், பதிவேடு என்ற ஒன்றே இல்லாமல் போகும்.

எல்லை தாண்டுவது உங்கள் விதிக்கும் பொருந்தும். பக்கத்து மாவட்டத்தில் ரொக்கம் கிடைத்தால் திருடன் ஒரு மணி நேரம் கூடுதலாக வண்டி ஓட்டுவான், அவ்வளவுதான். அறிவிக்கும் முன் அண்டை நிர்வாகங்களோடு பேசி, அடையாளம், ரொக்கத் தடை, தடைப்பட்டியல் மூன்றையாவது ஒன்றுபோல் ஆக்குங்கள்.

ஓராண்டு கழித்து

விதியிலேயே மறுஆய்வுத் தேதியை எழுதிவையுங்கள். அன்று முதலில் எடுத்த திருட்டுப் பட்டியலையும் விலை வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆபரேஷன் டொர்னேடோவை மதிப்பிட்டவர்கள் இதைத்தான் செய்தார்கள். உலோக விலையின் தாக்கத்தைக் கழித்த பிறகும் திருட்டு குறைந்திருந்ததால்தான் திட்டம் பலித்தது என்று சொல்ல முடிந்தது. வழக்குகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். வெட்டப்பட்ட கேபிளின் நீளம், மின்சாரம் போன மணிநேரம், காணாமல்போன மூடிகள் ஆகியவை நம்பத்தக்க அளவைகள். பொறுக்கி வாழ்கிறவர்களின் வருமானம் என்னவாயிற்று என்றும் கேட்டுக் குறியுங்கள். கடைசியாக, முதல் ஆண்டில் உரிமம் வாங்கிப் புதுப்பிக்காத கடைகளின் முகவரிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் நேரில் போங்கள். சில உண்மையாகவே மூடியிருக்கும். மற்றவற்றில் தராசு இன்னும் உள்ளே இருக்கும்.